மாமா பேரில் உள்ள துப்பாக்கி

1953 ஜனவரி 17, சனி

பனி. வரப்பில் நடந்தால் வேட்டி முட்டு வரை நனைகிறது. பொங்கல் கழிந்தும் வீட்டு முற்றத்தில் கரும்புச் சக்கை. யாரும் பெருக்கக் காணோம்.

குளத்தடி வயல் பார்த்தேன். கும்பப்பூ, மாசியில் அறுக்கிற போகம், பால் பிடிக்கிற சமயம். கீழ வரப்பை ஒட்டி ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு நெல்லே இல்லை. குளத்துப் பறவை நீலக்கோழியின் வேலை. தண்டை நறுக்கி உள்ளே இருக்கிற வெள்ளைக் குருத்தை மட்டும் தின்கிறது. மிச்சத்தை மிதித்துச் சேற்றில் அமுக்கிவிட்டுப் போகிறது. தின்பது கொஞ்சம், மிதிப்பது ஏராளம். சவத்தெளவு, வயிறு நிறையத் தின்றாலாவது மனசு ஆறும்.

செய்ய வேண்டியது:
மடை அடைப்பு.
மாமாவுக்குக் கண்ணில் விடுகிற மருந்து.
தோட்டா வாங்க வேண்டும். லைசென்ஸைக் கொண்டுபோக மறக்கக் கூடாது.
மண்ணெண்ணெய்.

தங்கம்மை தகரம் அடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். பறவை விரட்ட அவளைத்தான் வைத்திருக்கிறோம். அவள் தொண்டைக்குத் தகரமே தேவையில்லை. என்னைக் கண்டதும், "அண்ணாச்சி, எனக்க தகரத்துக்கு லைசென்சு வேண்டாம்லா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். சிரிக்கிற மாதிரிதான் எங்கள் காரியமும்.

எனக்குச் சுடத் தெரியும். குலசேகரத்தில் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கு எழுதிய காலத்தில் துரை கற்றுக்கொடுத்தார். அவர் சீமைக்குத் திரும்பும்போது இந்த ‘பாயிண்ட் 22’ ரைஃபிளை மாமாவுக்கு வாங்கிக்கொடுத்ததும் நான்தான். ஆனால் லைசென்ஸ் மாமா பேரில். பயிரைக் காக்கிற லைசென்ஸ் நிலம் உள்ளவனுக்குத்தானாம். நிலம் மாமா பேரில். உழுவது, நடுவது, உரம் போடுவது, வரி கட்டத் தாலுகா கச்சேரிக்கு நடப்பது எல்லாம் நான். ரசீதில் பேர் அவர்.

ஜன. 18, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

மாமா துப்பாக்கியோடு வயலுக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. நான் பின்னால் தோட்டாப் பெட்டியோடு. அவருக்குக் கண்ணில் பூ விழுந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பக்கத்தில் இருப்பது ஒருவாறு தெரியும். வரப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் பாலில் கழுவியது மாதிரி. அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். சத்தம் கேட்ட திசையில் குழலை நீட்டிச் சுட்டார். நீலக்கோழிக் கூட்டம் எழுந்து குளத்துக்குள் போய்த் தாமரைக்கிடையில் உட்கார்ந்துகொண்டது.

"விழுந்திட்டா மக்கா?"

"விழுந்திட்டு மாமா."

இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஒன்றுகூட விழுந்ததில்லை. குடும்பத்துக்கு மூத்த காரணவரிடம் "குறி தப்பிட்டு" என்று யார் சொல்வது? நான் சொல்வதில்லை, அவர் மகளும் என் பெண்டாட்டியுமான பகவதி சொல்வதில்லை, வேலைக்கு வருகிறவர்களும் சொல்வதில்லை. சைவ வீடு என்பதால் பொய்க்கு இன்னும் வசதி. செத்த பறவையை மாமா தொட மாட்டார், பார்க்கவும் மாட்டார். "வேலைக்காரங்க எடுத்திட்டுப் போட்டும்" என்பார். வீட்டுக்கு வந்து தலை முழுகிச் சிவபுராணம் சொல்லுவார். சாகாத பறவைக்கெல்லாம் இவர் பாவம் தொலைத்திருக்கிறார்.

லைசென்ஸின் பின்பக்கத்து நிபந்தனைகளை மத்தியானம் மறுபடி வாசித்தேன். எனக்காக இங்கே:

லைசென்ஸ்காரர் மட்டுமே சுடலாம்.
எழுதியிருக்கிற சர்வே நம்பருக்குள் மட்டும். (குளம் சர்க்காருடையது. அங்கே உட்கார்ந்த பறவை சர்க்கார் பறவை. எங்கள் நெல்லைத் தின்னும்போது மட்டும் எங்கள் பறவை.)
பயிருக்கு நாசம் செய்பவை மட்டும். கொக்கு கூடாது.
பாதை, வீடு, ஆள் நடமாட்டம் உள்ள திசையில் கூடாது.
அறுப்பு முடிந்ததும் துப்பாக்கி ஸ்டேஷனில்.

தண்ணீரைப் பார்த்துச் சுடக் கூடாதென்பது எழுத்தில் இல்லை. போன பூவில் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் வாயால் சொன்னது. தோட்டா தண்ணீரில் பட்டால் ஓட்டாஞ்சில்லு மாதிரித் தத்திக்கொண்டு போகுமாம். தோட்டாப் பெட்டி மேலேயே ஒரு மைல் வரை அபாயம் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறான். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு மைலு போறதுக்கு இது என்ன காரா, லே?" என்றார்.

ஜன. 21, புதன்

தங்கம்மையை மாமா நிறுத்திவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

"துப்பாக்கி இருக்கச்சில தகரம் என்னத்துக்கு? தெனமும் ரெண்டு மூணு விழுதுல்லா? இன்னும் நாலு நாள்ல குளமே காலியாயிரும்."

நான் என்ன சொல்ல? விழுகிறது என்று சொன்னவன் நானே. "தகரமும் இருந்திட்டுப் போட்டுமே மாமா" என்றேன். "ஒனக்கு எனக்க குறியில நம்பிக்கை இல்லையா?" என்றார். பகவதி அடுப்படியில் இருந்து என்னையே பார்த்தாள்.

தங்கம்மை தகரத்தை முற்றத்தில் வைத்துவிட்டுப் போனாள். "பாட்டா சுட்டா கொக்கு சிரிக்குதுன்னு ஊரே சொல்லுது. அவருட்ட ஒரு ஆளு சொல்லப்படாதா அண்ணாச்சி?" என்று மாமாவைச் சொல்லி மெதுவாகக் கேட்டாள். இனிமேல் குளத்து எதிர்க்கரையில் புல் அறுத்து விற்கப் போகிறாளாம். போ என்றேன். எனக்கு அவள் மேல் கோபமில்லை, ஆனால் குரல் அப்படித்தான் வந்தது.

கத்தரிக்காய் புளிக்கறி. உப்புக் கூடுதல்.

ஜன. 24, சனி

ஸ்டேஷனுக்குப் போனேன். வெயில் இப்போதே சுடுகிறது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள் சப்-இன்ஸ்., தமிழ் புரியும், பேசுவது மலையாளம். துப்பாக்கியை நான் சுடலாமா என்று கேட்டேன்.

"அது பற்றில்ல பிள்ளே. லைசென்ஸ் ஆருடே பேரில்?"

முடியாது, லைசென்ஸ் யார் பேரில் என்கிறார். மாமா பேரில் என்றேன். அவருக்கு வயதாகிவிட்டது, கண் என்று இழுத்தேன். அதற்குள் அவரே, "கண்ணு காணான் வய்யெங்கில் லைசென்ஸ் கான்சல்" என்றார். கண் தெரியாதென்று ஆகிவிட்டால் துப்பாக்கியே போய்விடும். விழுங்கிக்கொண்டேன்.

வழி மூன்று. அவர் சொன்னபடி:
ஒன்று, நிலத்தைப் பாகம் வைத்து என் பேருக்கு மாற்றி, நான் புது லைசென்ஸ் எடுப்பது.
இரண்டு, டாக்டரிடம் சீட்டு வாங்கி மாமா லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பது.
மூன்று, லைசென்ஸ்காரரின் ஏவலாள் என்று என் பேரைச் சேர்ப்பது. அவர் உத்தரவின்படி அவர் பயிருக்காகச் சுடலாம். ஒரு வாரத்தில் கிடைக்கும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

முதலாவது நடக்காது. எங்கள் ஆட்களுக்கு முன்பு மருமக்கள் வழி. மாமன் காரணவர், சொத்து அவருக்குப் பின் அக்கா தங்கை மகனான மருமகனுக்கு. சட்டம் மாறி, ஊரில் எல்லோரும் பாகம் பிரித்து அவரவர் வரப்பைப் பிடித்தாயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் "இந்தப் பூ அறுக்கட்டும் மக்கா, பாக்கலாம்." எத்தனை பூ அறுத்தாயிற்று. அவர் மகளையும் கட்டிக்கொண்டேன், அவர் நிலத்தையும் உழுகிறேன், இன்னும் பாக்கலாம்தான்.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். டாக்டர் சீட்டு என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு என்னலே கண்ணுக்கு? நேத்தைக்கு ரெண்டெண்ணம் விழுந்திட்டுன்னு நீதானே சொன்னே?"

நான்தான் சொன்னேன். 

மூன்றாவது வழியைச் சொன்னேன். அதற்கு முகம் தெளிந்துவிட்டது. "அதுக்கென்ன, வேலக்காரன்னு எழுதிக்கொண்டா. இப்பமே ஒப்பு போடுதேன்" என்றார். வேலைக்காரன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை மனுஷன். இந்த வீட்டுக்கு அடுத்த காரணவன் நான். நியாயப்படி பார்த்தால் பாதி நிலம் இன்றைக்கே என்னுடையது. என் கையால் நான் இவருக்கு வேலைக்காரன் என்று எழுதிச் சர்க்காருக்குக் கொடுக்க வேண்டுமாம். நாளைக்குப் பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

எழுத மாட்டேன் என்றேன். அவர், "எழுதாண்டாம்" என்றார். காரியம் முடிந்தது.

ஜன. 26, திங்கள்

குடியரசு தினம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய். கச்சேரி எல்லாம் அடைப்பு. நீலக்கோழிக்கு அடைப்பு இல்லை. கீழ வரப்பில் கட்டில் அளவாக இருந்த வெற்றிடம் இப்போது ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற அளவு.

பகவதியோடு சண்டை.

"ஒரு சொல்லுதானே? எழுதிக் குடுத்தா கையி ஒடிஞ்சா போவும்?"

"ஒனக்கு அப்பா. ஒனக்கு அப்படித்தான் தோணும்."

"துரைகிட்ட வேலக்காரனா இருக்கத் தெரிஞ்சுது. எங்கப்பாகிட்ட இருந்தா கொறஞ்சு போவேளோ?"

துரைக்கு நான் கணக்கன், வேலைக்காரன் அல்ல என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது, துரைக்கு இரண்டும் ஒன்றுதான். பகவதி சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டேன். பசித்தது.

ஜன. 29, வியாழன்

வாடைக் காற்று. உதடு வெடிக்கிறது.

தென்னை ஓலையில் ஆள் மாதிரிக் கட்டி வரப்பில் நட்டேன். மாமாவின் பழைய சட்டையைப் போட்டுவிட்டேன். மத்தியானம் பார்த்தால் நீலக்கோழி ஒன்று அதன் காலடியிலேயே நின்று தண்டை நறுக்கிக்கொண்டிருக்கிறது. சிவந்த அலகு, சிவந்த கால், நீலப் பட்டுடுத்திய மாதிரி உடம்பு, வாலை வெட்டி வெட்டி நடக்கிற நடை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார வந்த சம்பந்தி மாதிரி.

தகரத்தை நானே அடித்துப் பார்த்தேன். தங்கம்மை கைக்கு வருகிற சத்தம் எனக்கு வரவில்லை. அவள் எதிர்க்கரையில் புல்லுக்கட்டோடு நின்று பார்த்தாள். "அண்ணாச்சி, நடுவில அடியுங்கோ, ஓரத்தில அடிச்சா சத்தம் வராது" என்று கூவினாள். குளத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கிறது.

சாயங்காலம் மாமா சுட்டார். விழுந்திட்டா மக்கா. விழுந்திட்டு மாமா.

தங்கம்மையைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடலாமா என்று பகவதியிடம் கேட்டேன். "எங்கப்பா நிறுத்தினத நீங்க எப்பிடிக் கூப்பிடுவேள்? நீங்கதான் வேலக்காரனாச்சே" என்றாள். இன்னும் கோபம் தீரவில்லை. எனக்கும்.

பிப்ரவரி 2, திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை. பனி இறங்கி வெயில் வந்த நேரம். நான் மடையில் குனிந்து சேறு வாரிக்கொண்டிருந்தேன். மாமா மட்டும் வரப்பில். என்னைக் கூப்பிடவில்லை. தோட்டாவை அவரே போட்டிருக்கிறார். நீலக்கோழிக் கூட்டம் வயலை விட்டு எழுந்து குளத்தில் போய் இறங்கிற்று. தாமரைக்குள் ஒரே கூச்சல். அவர் குளத்தைப் பார்த்துத் திரும்பிக் குழலைத் தூக்கினார்.

"மாமா, குளம், குளம்! சுடாதீங்க!"

அவர் காதில் என்ன விழுந்ததோ. பறவை குளத்தில் இருக்கிறது என்று நான் திசை சொல்வதாக நினைத்தாராம், இப்போது சொல்கிறார். சுட்டார். தண்ணீரில் ஒரு கீறல். வண்டு பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். அப்புறம் எதிர்க்கரையில் தங்கம்மையின் குரல். அந்தத் தொண்டையை எனக்குத் தெரியும். அப்படி அவள் ஒருநாளும் கத்தியதில்லை.

மாமா என் பக்கம் திரும்பி, "விழுந்திட்டா மக்கா?" என்றார்.

கரை சுற்றி ஓடினேன். புல்லுக்கட்டு மேல் சாய்ந்து கிடந்தாள். வலது கெண்டைக்காலில் சின்ன ஓட்டை, ரத்தம் அதிகமில்லை. "என்னமோ கடிச்சிட்டு அண்ணாச்சி, பாம்பா பாருங்கோ" என்றாள். பாம்பு இல்லை என்று சொல்லித் துண்டால் கட்டினேன். ஆள் கூடிவிட்டது. வில்வண்டியில் போட்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரி.

வழியில் ஒரே கேள்விதான் கேட்டாள். "மாட்டுக்கு ஆரு புல்லு போடுவா?"

பிப். 3, செவ்வாய்

தோட்டாவை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. நரம்பில் பட்டிருக்கிறது, நடப்பாள், ஆனால் பழையபடி இராது என்றார் டாக்டர். துப்பாக்கிக் காயம் என்பதால் அவரே போலீசுக்குச் சொல்லியாக வேண்டுமாம். சொல்லட்டும்.

மத்தியானம் கான்ஸ்டபிள் இரண்டு பேர் வந்து ரைஃபிளையும் மிச்சத் தோட்டாவையும் எடுத்துப் போனார்கள். லைசென்ஸையும். மாமா உள் அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பகவதி தலைவாசலில் நின்று அழுதாள். தெருவில் எல்லாக் கதவும் திறந்திருந்தது.

வேலைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டது, மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால்: "பாட்டா குறி ஒருநாளாவது பட்டுதே." இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

தங்கம்மையின் மாட்டுக்கு இரண்டு கட்டு வைக்கோல் கொடுத்துவிட்டேன்.

பிப். 5, வியாழன்

ஸ்டேஷனில் வரச் சொன்னார்கள். மாமா, நான், ஊரில் பெரியவர் இரண்டு பேர். மாமா புது வேட்டி. நடை தளர்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்: வயதானவர், திசை தெரியாமல் நடந்தது, வேண்டுமென்று அல்ல, வைத்தியச் செலவு எங்களுடையது.

சப்-இன்ஸ். கேட்டார்: "ஆரா வெடி வச்சது?"

யார் சுட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்.

"எனக்குக் கண்ணு தெரியாது எசமான். ரெண்டு வருசமாட்டு ஒண்ணும் தெரியாது. டாக்டரை வேணும்னா வச்சுப் பாருங்கோ. கண்ணு தெரியாதவன் எப்பிடிச் சுடுவான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு வருஷம். இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்க நான் படாத பாடு இல்லை. சொட்டு மருந்து, டாக்டர் சீட்டு, கையில் காலில் விழாத குறை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் துப்பாக்கி போயிருக்கும், தங்கம்மை கால் இருந்திருக்கும். இன்றைக்குச் சொல்கிறார். அதுவும் உண்மையைத்தான் சொல்கிறார்.

"அப்போள் ஆரு?"

"இவன்தான் வயலு பாக்குதவன். இவனுக்குத்தான் சுடத் தெரியும். துரைகிட்டப் படிச்சவன்."

நான் இல்லை என்றேன். மாமாதான் என்றேன். பெரியவர் இருவரில் ஒருவர், "தாய்மாமனப் பாத்து அப்பிடிச் சொல்லப்படாது தம்பி" என்றார். சப்-இன்ஸ். தாளை மடக்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். வீட்டில் கலந்து பேசி ஒரு முடிவோடு வர வேண்டுமாம். சுட்டது யார் என்பது கலந்து பேசி முடிவு செய்கிற காரியம் போலிருக்கிறது.

திரும்பி வரும்போதும் என் தோளைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். உதறவில்லை. உதறினால் வாய்க்காலில் விழுவார்.

பிப். 7, சனி

நல்ல வெயில். குளத்தடி வயலுக்குப் போகவில்லை. போய் என்ன பார்க்க.

பகவதி காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு செயிலு தாங்காது. ஒரு ராத்திரி அங்க கெடந்தா செத்திருவாரு. நீங்க சின்ன வயசு." எனக்கு நரை கண்டாயிற்று. "நான் சாகலாம், இல்லையா?" என்று கேட்டேன். "அப்பிடிச் சொல்லாதீங்கோ" என்று வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்கவும் இல்லை, வேறு வழியும் சொல்லவில்லை.

மாமா உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு, ரொட்டி. தங்கம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கால் துணிச் சுருட்டில். என் பேரைச் சொல்லச் சொல்லி நேற்று மாமா ஆள் அனுப்பியிருக்கிறார் என்று அவள் சொல்லித்தான் தெரியும்.

"அண்ணாச்சி, எனக்க கண்ணு நல்லாத் தெரியும். வெள்ளத் தலையும் தெரியும், கறுத்த தலையும் தெரியும். போலீசு வந்து கேட்டா எந்தத் தலைன்னு சொல்லணும்னு நீங்களே சொல்லுங்கோ. ஒங்க வயலு வரப்பிலதானே நான் நாளைக்கும் புல்லு அறுக்கணும்."

நான் ஆரஞ்சை உரித்தேன். உரித்ததை அவளிடம் கொடுக்க வெட்கமாக இருந்தது, படுக்கை ஓரத்தில் வைத்தேன்.

"என்னத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருந்தா நான் ஒங்க வரப்பில நின்னிருப்பேன், அக்கரையில நின்னிருக்கமாட்டேன்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

எழும்போது, "உள்ளதைச் சொல்லு" என்றேன். அவள் சிரித்தாள். "உள்ளதைச் சொன்னா ஆரு கேக்கா?"

பிப். 9, திங்கள்

சப்-இன்ஸ்பெக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கெட்ட மனுஷன் இல்லை. சட்டம் இப்படி என்று விரலை மடக்கிச் சொன்னார். அவர் மலையாளம், என் தமிழில்:

மாமா சுட்டார் என்றால், குளத்தைப் பார்த்து, நிலத்துக்கு வெளியே, ஆள் நடமாடும் கரைப்பக்கம். லைசென்ஸ் போகும், கேஸ் அவர் மேல், அந்த வயதில் கூண்டில் நிற்க வேண்டும்.
நான் சுட்டேன் என்றால், லைசென்ஸ் இல்லாதவன் கையில் ஆயுதம். அதுவே தனிக் குற்றம். உள்ளே போட வேண்டி வரும்.
லைசென்ஸ்காரரின் ஏவலாள், அவர் உத்தரவின்படி, அவர் பயிருக்காகச் சுட்டது, கை பிசகியது என்றால், அபராதத்தோடு போக வழியுண்டு. பேர் முன்கூட்டிச் சேர்க்கவில்லை என்பது குறைதான். ஆனாலும் மஜிஸ்திரேட் இரக்கம் காட்டுவார்.

"அன்னு வந்நு சோதிச்சதல்லே பிள்ளே?" என்றார். அன்றைக்கு வந்து கேட்டீர்களே, ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று. என்னவென்று சொல்வது? வேலைக்காரன் என்ற சொல் கசந்தது என்றா?

வரும் வழியில் குளத்தடி வயல். பார்க்கக் கூடாதென்றுதான் வந்தேன், பாதை அதுவழி. பாதிக்கு மேல் சேறும் தண்டும். மிச்சத்தில் கதிர் சாய்ந்து மஞ்சள் விழுகிறது. அறுக்க ஆள் கூப்பிடுவதே நஷ்டம். என் ஓலை ஆள் விழுந்து கிடக்கிறான், மாமாவின் சட்டை சேற்றில். பறவைகள் என்னைக் கண்டு எழவும் இல்லை. துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது என்பது அவற்றுக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டில் பகவதி கேட்டாள், என்ன முடிவு என்று. சொன்னேன். அழுதாள். பிறகு எழுந்து அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். எனக்கு அப்புறம்.

பிப். 10, செவ்வாய்

பனி இல்லை. காலையிலேயே புழுக்கம்.

ஸ்டேஷன். மாமாவும் நானும் மட்டும்.

தங்கம்மை நேற்றே சொல்லிவிட்டாளாம்: குனிந்து புல் அறுத்தேன், யார் சுட்டதென்று பார்க்கவில்லை. அவள் எனக்காகச் சொன்னாளா, மாமாவுக்காகவா, தன் புல்லுக்காகவா தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

வாக்குமூலத்தை ரைட்டர் எழுதினார். லைசென்ஸ்காரருக்கும் எதிரிக்கும், அதாவது எனக்கும், உள்ள சம்பந்தம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மருமகன் என்று வாய் வரை வந்தது. வேலைக்காரன் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன். துரைக்குப் போட்டுப் பழகிய அதே கையெழுத்து, நன்றாகத்தான் விழுந்தது.

மாமாவும் போட வேண்டும். நான் விரலால் இடம் காட்டினேன். பேனா தடவித் தடவி வந்து கோட்டுக்கு மேலே போட்டார்.

வெளியே வந்தோம். பஸ்ஸுக்கு நின்றோம். என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"இத அண்ணைக்கே எழுதியிருக்கலாம்லா மக்கா."

பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.